சக்கரபாணி சார் சாப்பிட்டாரா?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாயில் மெதுவடை இருந்தது.

ஒரு நிச்சயதார்த்தத்துக்காகத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டல், ஜன்னலோர இடம். பொங்கலை முடித்து இரண்டாவது வடையில் கைவைத்த நேரத்தில், எதிர்ச்சுவரில் கட்டியிருந்த பிளெக்ஸ் கண்ணில் பட்டது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, படிய வாரிய தலை, அறுபதைத் தாண்டிய ஒருவர், இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி விரித்தபடி நின்றார். கீழே சிவப்பு எழுத்து: "உணவில்லை! நீரில்லை! காற்றே ஆகாரம்! இன்று நூறாவது நாள்!"

வடையைக் கீழே வைத்துவிடலாமா என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. வைக்கவில்லை. சட்னியைத் தொட்டு முழுதாகத் தின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த வேட்டிக் கட்டுக்கு மேலே சின்னதாக, மரியாதையாக, ஒரு தொப்பை.

அந்தத் தொப்பையில்தான் கதை இருக்கிறது என்று பட்டது. அந்த வேட்டிக்குக் கஞ்சி போட்டவர் யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. கஞ்சி போட வீட்டில் சோறு வடித்திருக்க வேண்டுமே.

அந்த மனிதரை நான் சந்திக்கவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை. சக்கரபாணி என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். எதையும் மறைக்கப் போவதில்லை.

முதல் தொடக்கம்: "அருணகிரியின் சிகரத்தில் பொன்னொளி பரவிய அந்த வைகறைப் பொழுதில், காற்றை மட்டுமே பருகி வாழும் அந்த மகான் மெல்லக் கண்மலர்ந்து" —

போதும். கண்மலர்ந்து என்ன செய்தார்? காபி கேட்டிருப்பார்.

இரண்டாவது தொடக்கம்: "மனித உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையான நீரின் அளவைப் பற்றி மருத்துவ ஆய்வுகள்" —

இது கட்டுரை. இதை நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: "சரோஜா பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் அரிசியை அளந்து போட்டாள். பிறகு நின்று யோசித்து, ஒரு டம்ளரைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினாள்."

இதை எழுதிய பிறகு பேனா தானாக ஓடியது. கதை இனி சரோஜாவின் பக்கத்திலேயே நிற்கும். காற்றைச் சாப்பிடுகிறவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவருக்கு முப்பத்துநான்கு வருடமாகச் சமைத்தவளைப் பற்றி யாரும் பிளெக்ஸ் அடிப்பதில்லை.

3

சக்கரபாணி வழங்கல் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரேஷன் கார்டுதான் அவர் வாழ்க்கை. எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு அரிசி என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். ஊரில் பாதிப் பேர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். ஓய்வு பெற்ற மறு மாதமே அந்த வணக்கம் தேய்ந்துவிட்டது. ஒருநாள் தெருவில் போனபோது, "ஓரமா போங்க பெருசு" என்று ஆட்டோக்காரர் சொன்னார். அது அவரைச் சுட்டது. எனக்கும் அது புரிகிறது.

அந்தச் சமயத்தில் நெஞ்செரிச்சல் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். குறைத்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்து போனைப் பார்த்ததில், சூரியனையும் காற்றையும் சாப்பிட்டு வாழ்வதாகச் சொல்லும் ஆட்களின் வீடியோக்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு ஏகாதசியன்று ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போனபோது பிளெக்ஸ் கடை குமரேசன் எதிரே வந்தார்.

நம் ஊரில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். அதற்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. கேட்பவரும் பதிலுக்காகக் கேட்பதில்லை.

"என்னா சார், சாப்டீங்களா?"

"இல்லப்பா. சாப்பாட்ட விட்டுட்டேன்."

குமரேசன் நின்றார். "வுட்டுட்டீங்களா? எத்தினி நாளா சார்?"

இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. "இன்னைக்கி மட்டும்" என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் குமரேசன் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தார். அப்படி ஒருவர் சக்கரபாணியைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அது ஆச்சு, கொஞ்ச நாளா," என்றார் சக்கரபாணி.

(அடிக்குறிப்பு: குமரேசனை முதலில் வில்லனாக வைக்க நினைத்தேன். முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை, எதையும் பெரிதாக அச்சடித்துப் பழகியவர், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைக்கும் அவர் கடையில் எட்டடி உயரத்தில்தான் வாழ்த்து.)

4

வீட்டில் முதல் நாலு நாள் சக்கரபாணி நிஜமாகவே சாப்பாட்டைத் தொடவில்லை. சரோஜா கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். கூடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் கண்ணில் படும்படி வைத்தாள். பழம் கறுத்து அழுகியதே தவிர, ஒன்றும் குறையவில்லை. வீட்டுக்குள் திருடித் தின்கிற ஆள் அவர் இல்லை. ஐந்தாம் நாள் முற்பகலில் தியானத்துக்காக நடக்கிறேன் என்று கிரிவலப் பாதைப் பக்கம் போனார். தெம்பாகத் திரும்பி வந்தார். அது தினமும் வழக்கமாயிற்று.

அவர் முகம் வாடவில்லை. சரோஜாவுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் தனியொருத்தியாக உட்கார்ந்து சாப்பிட்டபோது, தட்டில் சோறு இருந்தும் தான் ஏதோ தப்பு செய்வதாகத் தோன்றியது. அதற்காக அவர் மேல் அவளுக்குக் கடுங்கோபம்.

ஒரு மாதம் கழித்து அவர் இன்னொன்று செய்தார்.

"சரோஜா, கெளம்பு. கார்டுலேர்ந்து என் பேர எடுத்துடலாம்."

"எதுக்குங்க?"

"சாப்பிடாத ஆளு பேர்ல அரிசி வாங்கறது தப்பு. நானே எத்தினி பேர கேட்டிருக்கேன், இல்லாத ஆளுக்கு ஏன் அரிசின்னு."

குடும்பத் தலைவி என்று கார்டில் இருந்தது சரோஜாவின் பெயர். அதனால் அவளும் போனாள். அலுவலகத்தில் இருந்த வினோதினி, சக்கரபாணி ஓய்வு பெறும் வருடத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். எழுந்து நின்று நாற்காலி போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் கணினியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், பேர் நீக்கணும்னா காரணம் போடணும். இதுல மூணுதான் வருது. இறப்பு, கல்யாணம், வேற கார்டுக்கு மாறுறது. நீங்க எதுல சார் வர்றீங்க?"

"சாப்பிடறதில்லன்னு போடும்மா."

"அப்டி ஒரு கட்டமே இல்ல சார்."

சக்கரபாணி அவமானப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் இதே காரணங்களைப் படித்தவர், தனக்கென்று ஒரு கட்டம் இல்லாததை இப்போதுதான் பார்க்கிறார். கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டதும் சரோஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு முந்தைய சொல் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "வேணாம்மா, இருக்கட்டும்," என்று கார்டைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

(இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்து இரண்டு நாள் எழுதவில்லை. இவர் பித்தலாட்டக்காரரா? பித்தலாட்டக்காரர் தன் பங்கு அரிசியை வேண்டாம் என்று சொல்ல வரிசையில் நிற்பாரா? இவர் தன்னைத்தானே நம்புகிறாரா? பகல் பதினொன்றரை மணிக்கு எதை நம்பினார், ஒன்றரை மணிக்கு எதை நம்பினார்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடித்தால் நானும் ஒரு பிளெக்ஸ் அடித்தவன் ஆவேன்.)

5

பக்கத்து வீட்டு தனம்தான் சரோஜாவை வெளியே இழுத்தாள்.

"ஒரு ஆளுக்கு சமைக்க மூணு மணி நேரமா அடுப்பாண்டயே நிக்கற. வாக்கா என்கூட. அன்னதானக் கொட்டாயில ஆளு பத்தல."

கிரிவலப் பாதையோரத்தில், வாயு லிங்கச் சன்னதிக்குச் சற்றுத் தள்ளி அந்தக் கொட்டகை. தினமும் பகல் பன்னிரண்டுக்குச் சாம்பார் சாதம். யார், எந்த ஊர் என்று கேட்காமல் போடுவது அங்கே வழக்கம்.

(அடிக்குறிப்பு: காற்றைச் சாப்பிடுகிறவரின் கதையில் வாயு லிங்கத்தை நான் வேண்டுமென்றே கொண்டுவரவில்லை. கொட்டகையை முதலில் பாதையின் இன்னொரு பக்கத்தில்தான் போட்டேன். எப்படியோ நகர்ந்து இங்கே வந்துவிட்டது. நம்பினால் நம்புங்கள்.)

சாப்பிடாத மனுஷரிடம் சோற்றுப் பேச்சு எதற்கென்று, வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். பெரிய அண்டாவுக்குப் பின்னால் சரோஜாவை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். கொட்டகையின் முன்பக்கத் தட்டி தாழ்வாக இருந்ததால், அங்கிருந்து பார்த்தால் முகங்கள் தெரியாது. கைகள்தான் வரிசையாக வந்தன. வளையல் போட்ட கை, காவித்துணி சுற்றிய கை, வெளிநாட்டுக்காரரின் சிவந்த கை, சின்னப் பிள்ளைகளின் இரண்டிரண்டு கைகள். தொன்னை நீளும், கரண்டி சாயும், அடுத்த தொன்னை நீளும்.

மூன்றாம் நாள், ஒரு கை நீண்டது. சுண்டுவிரல் கொஞ்சம் உள்பக்கமாக வளைந்திருந்தது. ஒரு கரண்டி விழுந்ததும், இடது கை வந்து தொன்னையின் மேல் தட்டையாகக் கவிழ்ந்தது.

வாயால் போதும் என்று சொல்லாமல் இப்படிக் கையைக் கவிழ்க்கிற ஒரே ஆளை அவளுக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருடமாக அந்தக் கைக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

சரோஜா குனிந்து பார்க்கவில்லை. இடது கையைக் கரண்டியால் மெதுவாகத் தள்ளிவிட்டு, இன்னொரு கரண்டி போட்டாள். கை ஒரு நொடி தயங்கி, பிறகு நகர்ந்துபோனது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தாள். தலையில் துண்டு, முகத்தில் கொரோனா காலத்து மாஸ்க், ஒரு புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாப்பிடுகிறார், செத்துப்போக மாட்டார் என்ற சந்தோஷம். அது முழுதாக வந்து சேர்வதற்குள் கோபமும் வந்தது. "என் சாம்பார்ல புளி கம்மி, உப்பு ஜாஸ்தின்னு முப்பத்துநாலு வருசம் சொன்ன மனுசன், இங்க வெயில்ல வரிசையில நின்னு வாங்கித் துன்றாரு!" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"என்னாக்கா?" என்றாள் தனம்.

"ஒண்ணுமில்ல. கண்ணுல பொகை."

மறுநாளிலிருந்து சரோஜா காலையிலேயே கொட்டகைக்குப் போய்ச் சாம்பாரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். பெருங்காயம் தூக்கலாக, கத்தரிக்காய் குழையாமல், அவருக்குப் பிடித்த மாதிரி. அவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்ததால் உப்பை மட்டும் குறைத்தாள். ஒருவருக்காக முந்நூறு பேர் உப்பில்லாத சாம்பார் சாப்பிட்டார்கள். ஊறுகாய் கேட்டு ஒரே சத்தம்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்படியே இருந்திருந்தால் எல்லாரும் நன்றாக இருந்திருப்பார்கள், எனக்கும் நல்லதொரு சின்னக் கதை கிடைத்திருக்கும்.

6

நூறாவது நாளுக்குக் குமரேசன் விழா எடுத்தார். மேடையில் மைக்கைப் பிடித்து, "இதுல சில பேருக்கு டவுட்டு இருக்குது. அவங்களுக்கு ஒரே பதிலு. வர்ற வெள்ளிக்கிழமலேர்ந்து பத்து நாளு, சார் ஒரு ரூம்ல இருப்பாரு. வெளியில பூட்டு, உள்ள கேமரா, சோறு தண்ணி எதுவும் கெடையாது. ஒலகமே லைவ்ல பாக்கட்டும்!" என்றார்.

சக்கரபாணியைக் கேட்டுவிட்டு அவர் அறிவிக்கவில்லை. அறிவித்த பிறகு சக்கரபாணியைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. சக்கரபாணி கையைக் கூப்பினார்.

அன்றைக்கே சரோஜா தெருமுனை டாக்டரம்மாவிடம் போனாள். "யாரோ ஒருத்தர் மாதிரி" விசாரித்தாள்.

"சாப்பாடு இல்லாமகூட கொஞ்ச நாள் தள்ளலாம்மா. தண்ணி இல்லாம மூணு நாள், நாலு நாள். கிட்னி போய்டும். பிரஷருக்கு மாத்தர வேற போடறவர்னா அதுக்கு முன்னாடியே."

(இங்கே விளையாட்டை நிறுத்திவிட்டு ஒன்றைச் சொல்கிறேன். சோறும் தண்ணீரும் இல்லாமல் எந்த மனிதரும் வாழ்வதில்லை. முடியும் என்று நம்பி முயன்றவர்கள் செத்துப்போயிருக்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாவற்றையும் பூசி மெழுக உரிமை உண்டு. இதை மெழுக எனக்கு மனமில்லை.)

"வேணாங்க," என்றாள் சரோஜா, அவர் எதிரே நின்று.

"சொல்லிட்டேன் சரோஜா."

"சொன்னா என்னா? ஒடம்புக்கு முடியலன்னு சொல்லுங்க."

"ஊரே பாக்கப் போவுது."

"ஊரு பாக்கறதுக்கு உசுர குடுப்பாங்களா?"

அவர் பயந்திருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது. செவ்வாயும் புதனும் வியாழனும் அந்தக் கை கொட்டகைக்கு வரவில்லை. காரணம் கொட்டகை வாசலிலேயே இருந்தது. குமரேசன் அங்கேயும் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார். எட்டடி உயரத்தில் தன் முகம் தொங்கும் இடத்தில், துண்டும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு தொன்னை நீட்ட அவரால் முடியவில்லை. ஆக, அந்த மூன்று நாள் பிளெக்ஸில் இருந்த வாசகம் கிட்டத்தட்ட உண்மை. வீட்டுக் குழாயில் தண்ணீர் குடித்தார். அது மட்டும் சரோஜாவுக்குக் கேட்டது, அவள் கேட்காத மாதிரி இருந்தாள்.

தனத்திடம் விஷயத்தைச் சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அவர் பிழைத்துக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எப்படி நடப்பார்? சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அந்த அறைக்குப் போய்விடுவார். சரோஜாவுக்கு இரண்டும் வேண்டாம். அவளுக்குப் புருஷனும் வேண்டும், புருஷன் நிமிர்ந்தும் நடக்க வேண்டும்.

7

இதற்கு என்னிடம் இருந்த முடிவுகள்:

அ. சரோஜா மேடையேறி உண்மையைச் சொல்கிறாள். கூட்டம் கைதட்டுகிறது. — (எந்தக் கூட்டம்? நீங்கள் இந்த ஊர்க் கூட்டத்தைப் பார்த்ததில்லை.)

ஆ. அறையைப் பூட்டும் நேரத்தில் பெரிய மழை, மின்சாரம் போய்விடுகிறது, கேமரா வேலை செய்யவில்லை, நிகழ்ச்சி ரத்து. — (மழையைக் கூப்பிடுவது எழுத்தாளனின் சோம்பேறித்தனம். அதோடு அது சித்திரை மாதம்.)

இ. நான்காம் நாள் காலை, கதவைத் திறந்தபோது அவர் —

இந்த வரியை முடிக்கவில்லை. வினோதினியின் கணினியில் அந்த முதல் காரணம் காத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. கதைகளில் வருகிறவர்கள் யாருமே சாப்பிடுவதில்லை. காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், வருடக்கணக்கில் அலைகிறார்கள், சோறு மட்டும் கிடையாது. நாம் எழுதினால்தான் அவர்களுக்கு ஒரு வாய். சரோஜா இந்தக் கதையில் எத்தனை பேருக்குக் கரண்டி கரண்டியாகப் போட்டாள்! அவள் நிம்மதியாகச் சாப்பிட்டதாக நான் ஒரு வரி எழுதவில்லை. குமரேசன் பழக்கத்தில் ஒரு பிளெக்ஸ் அடித்தார் என்றால், நான் அதே வேலையைத்தான் காகிதத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

8

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி.

சக்கரபாணி குளித்து, கஞ்சி போட்ட வேட்டி கட்டி, கூடத்துக்கு வந்தார். நடையில் தள்ளாட்டம் இருந்தது. கூடத்தில் தட்டு போட்டிருந்தது. பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். சரோஜா குக்கரைத் திறந்தாள். பெருங்காய வாசனை வீடு முழுக்கப் பரவியது. இன்று அவள் இரண்டு டம்ளர் அரிசி போட்டிருந்தாள், எதையும் திரும்ப டப்பாவில் கொட்டவில்லை.

"எதுக்கு இது?" என்றார்.

சரோஜா சாதத்தைக் கிளறிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வாயு லிங்கத்தாண்ட சாம்பார் சாதம் எப்டி இருந்துச்சிங்க?"

தெருவில் தண்ணீர் வண்டி போனது. சக்கரபாணி மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

"பிரஷர் இருக்குதில்ல. நான்தான் கம்மியா போட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். அந்த இரண்டாவது கரண்டி யாருடையது என்று அவருக்கு இப்போது விளங்கியது.

"தெரியுமா ஒனக்கு? எத்தினி நாளா?"

"அது ஆச்சு, கொஞ்ச நாளா," என்றாள் சரோஜா. "ஒக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கீழே தரையில், தட்டுக்கு எதிரே. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரோஜா கரண்டியில் சாதத்தை எடுத்தாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பின்னாலேயே இரண்டு வேன். மேளச் சத்தம். குமரேசன் ஆளுயர மாலையோடு இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு படியேறினார். கூடத்துக் கதவு பாதி சாத்தியிருந்ததால் அவருக்குத் தட்டு தெரியவில்லை, சக்கரபாணியின் முதுகு மட்டும் தெரிந்தது. காலை எட்டு மணிக்கு யார் வீட்டு வாசலில் நின்றாலும் அவர் வாய் எதைக் கேட்குமோ அதையே, யாரிடம் கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கேட்டுவிட்டார்.

"என்னா சார், சாப்டீங்களா?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். மேளம் நின்றது. வேனில் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நூற்றுச் சொச்ச நாளைக்கு முன்னால் டீக்கடை வாசலில் சக்கரபாணி தவறாகப் பதில் சொன்ன அதே கேள்வி, இன்னொரு முறை வந்து நிற்கிறது. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லாரும் தினமும் சொல்கிற பதில்தான்.

சக்கரபாணி வாயைத் திறந்தார்.

9

நான் இத்தோடு நிறுத்துகிறேன். அவருக்குப் பதிலாக நான் சொன்னால், அது எட்டடிக்கு நான் அடித்த இன்னொரு பிளெக்ஸ் ஆகிவிடும். ஆனால் நீங்களும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனால், அவர் வாயைத் திறந்தபடி அங்கேயே உட்கார்ந்திருப்பார், கரண்டி அந்தரத்தில் நிற்கும். நூறு நாளாகக் குமரேசனால் செய்ய முடியாததை நீங்கள் செய்தவர் ஆவீர்கள். சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு மனிதர் என்றென்றைக்கும் இருப்பார்.

எனவே, தயவுசெய்து, யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பதிலை நீங்கள் வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள். அவருக்குக் கேட்கும். அப்படியே சரோஜாவுக்கும் ஒரு தட்டு போட்டுவிடுங்கள், அவள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

சீக்கிரம் சொல்லுங்கள். சாதம் ஆறுகிறது.